காய்ச்சலுக்கு ஒன்று, ஃப்ரிட்ஜுக்கு ஒன்று: வீட்டுக்கு எந்த தெர்மாமீட்டர்?

கேள்வி இதுதான்: வீட்டில் பல வருடமாக இருந்த பாதரச தெர்மாமீட்டர் நேற்று கை தவறி விழுந்து உடைந்துவிட்டது. மருந்துக்கடையில் டிஜிட்டல் ஒன்று வாங்கினால், அடுத்தடுத்து மூன்று தடவை வைத்ததற்கு மூன்று எண் காட்டுகிறது. பேசாமல் நெற்றிக்கு நேரே பிடிக்கும் துப்பாக்கி தெர்மாமீட்டரை வாங்கிவிடலாமா? வாங்கினால் அதையே சமையலுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் வைத்துக்கொள்ள முடியுமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும், இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாமியாரும் இருக்கிறார்கள்.

முதலில் உடைந்ததைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றதை நாளைக்குக்கூடப் பார்த்துக்கொள்ளலாம், இது காத்திருக்காது. துடைப்பத்தால் கூட்டாதீர்கள், வேக்குவம் கிளீனரும் வேண்டாம். இரண்டுமே ஒரு குண்டுமணியை நூறு குண்டுமணியாக்கிப் பரப்பிவிடும். குழந்தையை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்துங்கள். கையில் இருக்கும் மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள். பாதரசம் தங்கத்தைத் தொட்டால் அதோடு கலந்து வெள்ளைக் கறையாகிவிடும். பழைய கல்யாணப் பத்திரிகை மாதிரி கெட்டியான அட்டை இரண்டை எடுத்து, சிதறிய உருண்டைகளை ஒன்றோடொன்று சேரும்படி மெல்லத் தள்ளி, மூடியுள்ள கண்ணாடி பாட்டிலுக்குள் விடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்தால் கண்ணுக்குத் தப்பிய துளிகள் மினுக்கும். அவற்றை ஒட்டும் டேப்பில் ஒற்றி எடுங்கள். உடைந்த கண்ணாடியும் அட்டையும் டேப்பும் அதே பாட்டிலுக்குள் போகட்டும். சிங்க்கிலோ கழிப்பறையிலோ கொட்ட வேண்டாம். இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே, உடைந்த பாதரச தெர்மாமீட்டர் வீட்டு அபாயக் கழிவு என்று பெயர் சொல்லியே குறிக்கப்பட்டது. அதனால் குப்பை வாங்க வருபவரிடம் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.

பயப்படவும் வேண்டாம். வீட்டு தெர்மாமீட்டரில் இருப்பது அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரைதான். குழந்தை வாயில் வைத்துக் கடித்து ஒரு துளி உள்ளே போனால்கூட, உலோகப் பாதரசத்தைக் குடல் பெரும்பாலும் உறிஞ்சாது. அங்கே கவலை கண்ணாடிச் சில்லைப் பற்றித்தான், அதனால் டாக்டரிடம் காட்ட வேண்டும். நிஜமான ஆபத்து ஆவியில் இருக்கிறது. இடுக்கில் தங்கிய பாதரசம் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், மூடிய அறையில் அதைத்தான் மூச்சோடு இழுப்போம்.

இந்தப் பாதரச தெர்மாமீட்டர்கள் ஒரு காலத்தில் நம் கொடைக்கானலிலேயே ஒரு தொழிற்சாலையில் தயாராயின என்பது பலருக்கு நினைவிருக்காது. 1980களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக்கொண்டு வரப்பட்ட அந்தத் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே வந்ததும், 2001இல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்களுக்கும் அதை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்துக்கும் உடன்பாடு ஏற்பட 2016 ஆனது. உலக அளவில் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தம் 2017இல் நடைமுறைக்கு வந்து, பாதரச தெர்மாமீட்டர்களின் உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் 2020ஐக் கெடுவாக வைத்தது. ஆகவே ‘பழையதுதான் சரியாகக் காட்டும்’ என்று யாராவது சொன்னாலும் தேடிப்போய் வாங்காதீர்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அது வேறு விஷயம். பாதரச தெர்மாமீட்டர் பிடிக்கும் ஆனால் பாதரசம் வேண்டாம் என்பவர்களுக்கு, காலியம், இண்டியம், வெள்ளீயம் மூன்றும் கலந்த உலோகக் கலவை நிரப்பிய கண்ணாடி தெர்மாமீட்டர் வருகிறது. துல்லியத்தில் குறையில்லை. உதறிக் கீழே இறக்குவதற்குள்தான் தோள்பட்டை கழன்றுவிடும்.

சரி, வாங்குவதற்கு வருவோம். உங்கள் வீட்டுக்கு என் பதில்: காய்ச்சலுக்குச் சாதாரண டிஜிட்டல் குச்சி ஒன்று, ஃப்ரிட்ஜுக்கு உள்ளே வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று. இந்த இரண்டும் அவசியம். சமையலுக்குக் கூர்முனை உள்ளது ஒன்று இருந்தால் நல்லது. துப்பாக்கி இருந்தால் வசதி, இல்லாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கருவி என்பது நடக்காது.

ஏன் நடக்காது என்பதற்கும், உங்கள் டிஜிட்டல் மூன்று எண் காட்டியதற்கும் காரணம் ஒன்றுதான். எந்த தெர்மாமீட்டரும் காய்ச்சலை அளப்பதில்லை, ஃப்ரிட்ஜை அளப்பதில்லை. தன் முனை எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். அந்த முனையும் நாம் அறிய நினைக்கும் பொருளும் ஒரே சூட்டுக்கு வந்துவிட்டனவா என்பதைப் பார்த்துக்கொள்வது நம் வேலை. தொழிற்சாலையில் கருவிப் பிரிவில் இருந்த காலத்தில், ‘மீட்டர் தப்பு’ என்று எங்களிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவை மீட்டரை வைத்த இடம் தப்பு என்றுதான் முடியும். வீட்டிலும் அதே கதைதான்.

டிஜிட்டல் குச்சியின் நுனியில் இருப்பது தெர்மிஸ்டர் என்கிற சின்ன மணி. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். உள்ளே இருக்கும் மின்னணுச் சில்லு அதை எண்ணாக்கிக் காட்டுகிறது. நல்ல குச்சியில் இந்தப் பகுதி 0.1 டிகிரி செல்சியஸுக்குள், அதாவது 0.2 ஃபாரன்ஹீட்டுக்குள் சரியாக இருக்கும். பீப் சத்தம்தான் நம்மை ஏமாற்றுகிறது. அளவு எடுத்து முடிந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. சில நொடிகளாக எண் வேகமாக ஏறவில்லை என்று சில்லு கருதியதும் கூவிவிடும், அவ்வளவுதான். அக்குளில் முனை தோலோடு சரியாகப் படாமல் காற்றில் நின்றால் எண் மெதுவாகத்தான் ஏறும். அது ‘முடிந்தது’ என்று நினைத்து 97.8இல் கூவும். அடுத்த முறை முனை ஏற்கெனவே சூடாக இருப்பதால் 98.6. மூன்றாவது முறை அக்குள் மூடியே இருந்ததால் 99.1. மூன்றுமே பொய் இல்லை. முனை அந்தந்த நேரத்தில் அந்தச் சூட்டில்தான் இருந்தது. ‘பத்து நொடியில் ரிசல்ட்’ என்று அட்டையில் போட்டு விற்கிற சில ரகங்கள் இன்னும் ஒரு படி மேலே போகும். எண் ஏறுகிற வேகத்தை வைத்துக் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். வாயில் வைத்தால் கணக்கு ஓரளவு சரியாக வரும், அக்குளில் அடிக்கடி சறுக்கும்.

அதனால் அக்குளில் வைப்பதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். வியர்வையைத் துடைத்துவிடுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம், ஒற்றினால் போதும். சட்டைத் துணி நடுவில் வராமல் முனையை அக்குளின் நடுப்பள்ளத்தில் மேல்நோக்கி வைத்து, கையை மார்போடு சேர்த்து அணைத்துப் பிடியுங்கள். பீப் வந்த பிறகும் எடுக்காமல் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் விட்டு வையுங்கள். பெரும்பாலான சாதாரண குச்சிகளில் எண் தொடர்ந்து ஏறும். நின்ற இடத்தில் படியுங்கள். இரண்டு வயதுக் குழந்தையை மடியில் பக்கவாட்டில் சாய்த்து, கதை சொல்லிக்கொண்டே கையை அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். வாயில் வைப்பதெல்லாம் நாலைந்து வயதுக்குப் பிறகு. பெரியவர்களுக்கு வாய்தான் நல்லது. நாக்குக்கு அடியில், நடுவில் இல்லாமல் ஓரத்தில் பின்தள்ளி வைத்து, உதட்டை மூடி மூக்கால் மூச்சு விட வேண்டும். காபியோ ஐஸ் தண்ணீரோ குடித்திருந்தால் அரை மணி கழித்து வையுங்கள்.

அக்குளில் எடுத்தால் ஒரு டிகிரி கூட்டிக்கொள்ள வேண்டும் என்பார்கள். அக்குள் வாயைவிடக் குறைவாகக் காட்டும் என்பது சரிதான். அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். ஆனால் அந்த வித்தியாசம் ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறும். கூட்டுவதை விட்டுவிட்டு, ‘அக்குளில் 100.2, மத்தியானம் இரண்டு மணி, மாத்திரை கொடுத்து நாலு மணி நேரம் ஆகிறது’ என்று எழுதி வையுங்கள். டாக்டருக்கு அதுதான் உபயோகம். எங்கே வைத்தது, எப்போது வைத்தது என்று இல்லாத எண்ணை வைத்து அவர் என்ன செய்வார்? ஒரு காய்ச்சல் முடியும்வரை ஒரே கருவி, ஒரே இடம் என்று வைத்துக்கொண்டால், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தானாகத் தெரியும்.

98.4 என்ற எண் நம் ஊரில் வேதவாக்கு மாதிரி. அமெரிக்கர்களுக்கு அது 98.6. அந்த 98.6க்கு மூலம் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து மருத்துவர் வுண்டர்லிக் 1868இல் வெளியிட்ட அளவுகள். சுமார் 25,000 பேருக்கு அக்குளில் வைத்து எடுத்து, 37 டிகிரி செல்சியஸ் என்று நிறுவினார். பிற்பாடு அவருடைய தெர்மாமீட்டர் ஒன்று அமெரிக்காவில் ஒரு மருத்துவ அருங்காட்சியகத்தில் கிடைத்தது. சோதித்துப் பார்த்தால் ஒன்றரை டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கூடுதலாகக் காட்டியது! 1992இல் ஆரோக்கியமான 148 பேரை வாயில் அளந்து பார்த்ததில் சராசரி 98.2 ஃபாரன்ஹீட் வந்தது. அதிகாலையில் குறைவு, மாலையில் அதிகம். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் ஏறி இறங்குவது சகஜம். ஆகவே சாயங்காலம் 99.1 என்று பார்த்துவிட்டுப் பாரசிட்டமால் எடுக்க ஓடாதீர்கள். 100.4, அதாவது 38 செல்சியஸ், பொதுவாகக் காய்ச்சல் என்று ஒத்துக்கொள்ளப்பட்ட எல்லை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட பச்சைக் குழந்தைக்கு அந்த எண் வந்தால் காத்திருக்கவே கூடாது, நேரே மருத்துவமனைதான்.

மாமியார் விஷயம் வேறு. வயதானவர்களின் இயல்பான சூடே கொஞ்சம் குறைவாக இருக்கும், கிருமி தாக்கினாலும் பெரிதாக ஏறாது. அவர் நன்றாக இருக்கிற நாட்களில் காலையிலும் மாலையிலும் எடுத்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக 97.2 இருப்பவருக்கு 99.5 என்றால் அது கவனிக்க வேண்டிய ஏற்றம், அதுவும் சர்க்கரை இருப்பவருக்கு. எண் 100ஐத் தொடவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. சோர்வு, குழப்பம், சாப்பாடு வேண்டாம் என்பது இவையெல்லாம் தெர்மாமீட்டருக்கு முன்னாலேயே சொல்லிவிடும்.

துப்பாக்கிக்கு வருவோம். கொரோனா காலத்தில் கடைவாசலில் எல்லாம் நம் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அது எதையும் நம்மேல் பாய்ச்சுவதில்லை. மூளையைச் சுடும் என்றெல்லாம் அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றியது, சுத்தப் புரளி. சூடான எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிரை வெளியிடும். நெற்றியிலிருந்து வருவதை அது வாங்கிக்கொள்கிறது, அவ்வளவே. ஆனால் அது பார்ப்பது தோலின் மேற்பரப்பை. அந்த எண்ணோடு ஒரு கணக்கைக் கூட்டி உடல் சூடாக மாற்றித்தான் திரையில் காட்டுகிறது. நெற்றித் தோல் வெயிலில் சுடும், வியர்த்தால் குளிரும், ஏசி காற்றில் இன்னும் குளிரும், ஈரத்துணி போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். 2020இல் ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர்களுக்கெல்லாம் 94, 95 என்று காட்டியதற்கு இதுதான் காரணம். ஓடும் வண்டியில் காற்று முகத்து வியர்வையை உலர்த்தி நெற்றியைக் குளிர வைத்திருக்கும்.

வாங்குவதானால் இப்படிப் பயன்படுத்துங்கள். ஆளும் கருவியும் ஒரே அறையில் கால் மணி, இருபது நிமிடம் இருக்கட்டும். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். நெற்றியைத் துடைத்து, முடியை ஒதுக்கி, புருவங்களுக்கு நடுவே சற்று மேலே, கருவியின் குறிப்பேட்டில் சொல்லியிருக்கும் தூரத்தில் பிடியுங்கள். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் இருக்கும், சில ரகங்களை ஒட்டியே வைக்க வேண்டும். தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் ராத்திரி இரண்டு மணிக்குப் பார்ப்பதற்கு இதைவிட வசதி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது 99.5க்கு மேல் காட்டினாலோ, தொட்டுப் பார்த்தால் கொதிக்கிறது ஆனால் துப்பாக்கி 98 என்றாலோ, குச்சியை எடுத்து அக்குளில் வையுங்கள். மருந்து கொடுப்பதை முடிவு செய்ய வேண்டியது குச்சி. இன்னொன்று, சிவப்பு லேசர் புள்ளி அடிக்கும் துப்பாக்கி மனிதர்களுக்கானதே இல்லை, தொழிற்சாலைக்கானது. விலை மலிவு என்று அதை வாங்கிக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்துவிடாதீர்கள், கண்ணில் லேசர் படும்.

காதில் வைக்கும் ரகம் துப்பாக்கியைவிட நம்பகமானதுதான். ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குச் சரிவராது. காதுக்குழாய் மிகச் சின்னது. மடலை லேசாகப் பின்னுக்கு இழுத்துக் குழாயை நேராக்கி வைக்கத் தெரிய வேண்டும், குரும்பி அடைத்திருந்தால் குறைத்துக் காட்டும். நெற்றியில் ஒட்டும் நிறம் மாறும் பட்டை விளையாட்டுப் பொருள், விட்டுவிடுங்கள்.

புது குச்சி சரியா என்று சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. பெரிய சொம்பில் உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக் கலக்கிவிட்டு, இன்னொரு வீட்டிலிருந்து வாங்கி வந்த குச்சியையும் உங்களுடையதையும் சேர்த்துப் பிடித்து, இரண்டின் முனையும் தண்ணீருக்குள் இரண்டு நிமிடம் இருக்கும்படி விடுங்கள். 0.3 ஃபாரன்ஹீட்டுக்குள் ஒத்துப்போனால் கருவியில் பழுதில்லை, வைக்கும் முறையில்தான் பழுது. நுனியைத் தவிர மற்ற பகுதி நனையலாமா என்று அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். திரை மங்கினால் பட்டன் பேட்டரி மாற்றும் நேரம். ஃபாரன்ஹீட் திடீரென்று செல்சியஸ் ஆகிவிட்டது என்றும் பலர் கேட்பார்கள். பெரும்பாலான ரகங்களில் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் மாறிவிடும்.

இப்போது ஃப்ரிட்ஜ். உங்கள் வீட்டில் காய்ச்சல் தெர்மாமீட்டருக்கு அடுத்தபடி முக்கியம் இதுதான், ஆனால் யாரும் வாங்குவதில்லை. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜின் குமிழில் இருக்கிற ஒன்று முதல் ஏழு வரை எண்கள் டிகிரி இல்லை. எவ்வளவு குளிர வேண்டும் என்பதற்கான அடையாளம் மட்டும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே உள்ள தட்டு பூஜ்யத்துக்குக் கீழேயே போய்விடும். கதவு அலமாரியோ, திறந்து மூடுகிற ஒவ்வொரு தடவையும் சூடாகும். உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்க்க அப்படியே இருக்கலாம். ஆனால் வேலை செய்யும் என்று நம்ப முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். சர்க்கரை ஏன் கட்டுப்படவில்லை என்று தேடுகிற வீடுகளில் நான் முதலில் கேட்பது, பாட்டிலை எந்தத் தட்டில் வைக்கிறீர்கள் என்பதைத்தான்.

கம்பி நுனியில் உணரி (சென்சார்) உள்ள, அதிகபட்சம் குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்கிற சின்ன டிஜிட்டல் ரகம் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. கதவு வழியாகக் கம்பியை உள்ளே விட்டு, திரையை வெளியே ஒட்டிவிடலாம். உள்ளே உணரியைக் காற்றில் தொங்கவிட வேண்டாம். கதவைத் திறந்ததும் காற்று சூடாகி எண் எகிறும், உள்ளே இருக்கும் பொருள் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து அதற்குள் உணரியைப் போட்டு ஒரு இரவு விடுங்கள். காலையில் காட்டுவதுதான் உங்கள் பால், குழம்பு, மருந்து எல்லாம் இருக்கும் சூடு. 4 டிகிரி அளவில் நிற்கும்படி குமிழைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஃப்ரீசர் மைனஸ் 18. மின்தடை வந்தால் கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி நாலு மணி நேரம்வரை தாக்குப்பிடிக்கும். கரன்ட் வந்த பிறகு அதிகபட்ச எண்ணைப் பார்த்தால், எவ்வளவு ஏறியிருந்தது என்று அதுவே சொல்லிவிடும். பயன்பாட்டில் இருக்கிற இன்சுலின் பேனாவை வெளியில் வைப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. பெரும்பாலானவற்றுக்கு 30 டிகிரிக்குள், நாலு வாரம். மே மாதத்தில் நம் வீட்டுக்குள் 30 எங்கே இருக்கிறது? மருந்தோடு வரும் தாளைப் பார்த்து, சந்தேகமானால் ஃப்ரிட்ஜிலேயே வைத்து, போடுவதற்கு முன் வெளியே எடுத்து வையுங்கள்.

சமையலுக்கு: காய்ச்சல் தெர்மாமீட்டரைக் கொண்டுபோய்ப் பாலில் விடாதீர்கள். அது 32லிருந்து 43 டிகிரி செல்சியஸுக்குள் மட்டுமே காட்டும். கண்ணாடி ரகமாக இருந்தால் வெந்நீர் பட்டாலே வெடித்துவிடும். வேடிக்கை என்னவென்றால், தயிருக்கு உறை ஊற்ற வேண்டிய சூடு, 40லிருந்து 43, அந்த எல்லைக்குள்தான் வருகிறது. அதற்காக அக்குளில் வைத்ததைப் பால் சட்டிக்குள் விடுவார்களா! சமையலுக்கென்று ஊசி முனையுள்ள டிஜிட்டல், மைனஸ் 50லிருந்து 300 வரை காட்டுவது கிடைக்கும். உறை ஊற்றுவதற்கு விரல் போதும் என்பவர்கள் அப்படியே தொடருங்கள். மார்கழியில் தயிர் தோயாமல் போகிற வீடுகளுக்கும், பால் 55, 60இல் இருக்கும்போதே அவசரமாக ஊற்றி உறையைக் கொன்றுவிடுகிறவர்களுக்கும்தான் எண் உதவும்.

கோழிக்கு இது நன்றாகப் பயன்படும். தொடையின் தடித்த பகுதியில், எலும்பைத் தொடாமல் குத்திப் பாருங்கள்; 74 டிகிரி வந்தால் வெந்துவிட்டது. எலும்பைத் தொட்டால் வேறு எண் வரும். நேற்றைய குழம்பைச் சுடவைக்கும்போதும் அதே 74தான். ஓரத்தில் கொதி வந்துவிட்டது என்று இறக்காமல், கலக்கிவிட்டு நடுவில் பாருங்கள். முறுக்கு, வடைக்கு எண்ணெய் 170லிருந்து 180. இதில் முனை கடாயின் அடியைத் தொடக் கூடாது. சர்க்கரைப் பாகு ஒரு கம்பிப் பதம் 105 அளவில் வரும், உடையும் மிட்டாய்ப் பதம் 150 அளவில். வெல்லப் பாகுக்கு இந்த எண்களை நம்ப வேண்டாம். ஒவ்வொரு வெல்லத்திலும் மற்றச் சத்துகள் வேறு வேறாக இருக்கும். அதிரசத்துக்குத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பதுதான் இன்றைக்கும் சரி.

லேசர் துப்பாக்கி சமையலறையில் ஒரு இடத்தில் ஜெயிக்கும்: இரும்பு தோசைக்கல். கறுத்த இரும்பு தன் சூட்டை ஒளிக்காமல் காட்டும். நடுவிலும் ஓரத்திலும் அடித்துப் பார்த்தால், அடுப்பின் தீ ஒரே சீராகப் படுகிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் அது பார்ப்பது லேசர் புள்ளியை மட்டும் இல்லை, சுற்றிலும் ஒரு வட்டத்தை. தள்ளி நின்றால் வட்டம் பெரிதாகி அடுப்பையும் சேர்த்துப் பார்க்கும். பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் அடித்தாலோ, உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்க, அது 45 என்று சொன்னாலும் ஆச்சரியமில்லை. மெருகேறிய உலோகம் தன் கதிரைக் குறைவாகத்தான் விடும். எதிரில் உள்ள சுவரிலிருந்து வருவதைத்தான் பிரதிபலிக்கும். காகித டேப் ஒரு துண்டு பாத்திரத்தின் வெளியே ஒட்டி அதன்மேல் அடித்தால் சரியாக வரும். ஃப்ரிட்ஜுக்கும் இதே பதில்தான். துப்பாக்கி தட்டின் மேற்பரப்பையும் பாட்டிலின் தோலையும் சொல்லும், உள்ளே இருக்கும் பாலை அல்ல. நெற்றித் துப்பாக்கி என்றால் அதுகூட இல்லை, அதன் எல்லையே உடம்புச் சூட்டைச் சுற்றித்தான்.

சமையல் ஊசியை எப்போதாவது சரிபார்க்க, ஐஸைப் பொடித்து டம்ளர் நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். முனையை நடுவில் வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். ஒரு டிகிரி முன்னே பின்னே பரவாயில்லை. ஐஸ் கட்டி நாலு மிதக்கும் தண்ணீர் போதாது, அது நாலைந்து டிகிரியில்கூட இருக்கும். கொதிநீரில் சோதித்தால் சென்னையிலும் தூத்துக்குடியிலும் 100 வரும். ஊட்டியில் 92, 93தான் வரும், கருவி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கும், ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு சீக்கிரம் வேகாததும் இதனால்தான்.

அறைக்கு ஒன்று மாட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. குழந்தையும் வயதானவரும் இருக்கிற வீட்டில், வெயில் காலத்துக்காவது மாட்டலாம் என்பேன். மேற்குச் சுவரில் வேண்டாம், அது மாலையில் அடுப்பாகிவிடும். டிவிக்கு மேலே, ஏசிக்கு எதிரே, ஜன்னல் வெயில் படும் இடத்தில் வேண்டாம். உள்சுவரில் நெஞ்சு உயரத்தில் மாட்டுங்கள். வானிலை நிலையங்களில் இதற்காகவே தெர்மாமீட்டரை வெள்ளை அடித்த, பலகை அடுக்கிய காற்றோட்டப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். அதை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்கிற ஸ்காட்லாந்துக் கலங்கரை விளக்கப் பொறியாளர். எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் அப்பா. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று பதிவான 45 டிகிரி இப்படி நிழலில் எடுத்தது. வெயிலில் காரின் டாஷ்போர்டு காட்டும் 50உடன் அதை ஒப்பிட முடியாது.

கடற்கரை ஊர்களில் வெறும் சூடு பாதிக் கதைதான். 34 டிகிரியில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் வியர்வை உலராது, உடம்பு குளிர வழியிருக்காது. அதனால் ஈரப்பதமும் காட்டுகிற ரகமாகவே வாங்குங்கள். அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் மின்விசிறி மட்டும் போதாது. தோலைவிடச் சூடான காற்றை அது மேலே வீசிக்கொண்டிருக்கும். 40க்குக் கீழே இருக்கும்போதுதான் விசிறி பயன்படுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 40 வந்துவிட்டால் மாமியாரையும் குழந்தையையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வீட்டிலேயே குளிர்ச்சியான அறைக்கோ, ஏசி உள்ள பக்கத்து வீட்டுக்கோ மத்தியானம் மட்டும் மாற்றிவிடுங்கள். மாமியாரின் இன்சுலின் பேனாவையும் அந்த நேரத்தில் மேஜைமேல் விட்டுவிட வேண்டாம்.